டூர் என்றால் தூரமாகத்தான் போகணுமா?



அரையாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து ஒரே பேச்சுதான். "இந்த வருஷம் டூர் எங்கே?" சிலர் ஊட்டி என்கிறார்கள். சிலர் கொடைக்கானல் என்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பசங்க வண்டலூர் போய் சிங்கம் பார்க்கணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்கள். சமூக அறிவியல் ஐயா, "அவங்கவங்க கருத்தை எழுதிக் கொடுங்க, பாக்கலாம்" என்று சொன்னார். அதனால் என் கருத்தை இந்தச் சுவர் இதழில் எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். இந்த வருஷம் நாம் சித்தன்னவாசல் போக வேண்டும். ஒரு நாள் முழுக்க அங்கேயே இருக்க வேண்டும். முக்கியமாக, வகுப்பில் ஒருத்தர் விடாமல் எல்லோரும் போக வேண்டும்.

"ப்பூ! பக்கத்துல இருக்கிற மலைக்கு எதுக்கு டூர்?" என்று சிலர் சிரிப்பது எனக்கு இங்கேயே கேட்கிறது. முழுவதும் படித்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

முதலில் போன வருஷ டூரைப் பற்றிச் சொல்கிறேன். காலை 5 மணிக்குக் கிளம்பினோம். தஞ்சாவூர் பெரிய கோயில், கல்லணை, ஸ்ரீரங்கம், மலைக்கோட்டை, முக்கொம்பு என்று ஒரே நாளில் ஐந்து இடம். பெரிய கோயில் ராஜராஜ சோழன் 1010-இல் கட்டி முடித்தது. ஆயிரம் வருஷமாக நிற்கிற கோயிலுக்கு நாங்கள் கொடுத்தது முக்கால் மணி நேரம். அதிலும் பாதி நேரம் செருப்பு விடுகிற இடத்திலும், பெண் பிள்ளைகளுக்கு பாத்ரூம் தேடுவதிலும் போய்விட்டது. கல்லணையில் இறங்கி ஒரு போட்டோ. ஸ்ரீரங்கத்தில் 1987-இல் கட்டி முடித்த ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தோம், உள்ளே வரிசை நீளமாக இருந்ததால் அப்படியே திரும்பினோம். மலைக்கோட்டையில் மூச்சு வாங்க ஏறி, மூச்சு வாங்க இறங்கினோம். முக்கொம்பு போவதற்குள் இருட்டிவிட்டது. தண்ணீர் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்டது. வீடு வந்து சேரும்போது இரவு பதினொன்றரை.

இதில் நான் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை. வண்டிக்குக் கொடுத்த வாடகைக்கு எத்தனை இடம் முடியுமோ அத்தனையும் பிள்ளைகள் பார்த்துவிடட்டும் என்ற நல்ல எண்ணம்தான் அவர்களுக்கு. ஒவ்வொரு இடத்திலும் எங்களை எண்ணி எண்ணி வண்டியில் ஏற்றி, தூங்காமல் கூட்டிக்கொண்டு வந்ததும் அவர்கள்தான்.

ஆனால் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும். அப்போது எங்கள் வகுப்பில் 36 பேர். டூருக்குப் போனது 16 பேர். பெண்கள் மட்டும் 19 பேர் இருந்தோம். அதில் போனது 5 பேர்.

மீதிப் பேர் ஏன் வரவில்லை? 500 ரூபாய். என் பக்கத்தில் உட்காரும் தோழியின் அம்மா களை எடுக்கப் போகிறார். 500 ரூபாய் என்பது அவருக்கு இரண்டு நாள் கூலி. "அம்மாகிட்ட கேக்கவே இல்லடி, கேட்டா கொடுத்துரும், அப்புறம் கடை பாக்கி யாரு கட்டுறது?" என்றாள் அவள். கேட்டால் கிடைக்காது என்பதற்காக இல்லை, கேட்டால் கிடைத்துவிடும் என்பதற்காகக் கேட்காத பிள்ளைகள் நம் வகுப்பில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பணம் மட்டும் காரணம் இல்லை. பணம் இருந்த வீட்டிலும் பெண் பிள்ளைகளை விடவில்லை. "வயசுக்கு வந்த புள்ள, ராத்திரி பதினோரு மணிக்கு பஸ்ஸுல வந்து எறங்குனா ஊரு என்ன பேசும்?" இதே வார்த்தையை எங்கள் தெருவில் மூன்று வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் போகலாம், தம்பி போகலாம், இவள் மட்டும் வீட்டில் இருக்கணும். மறுநாள் வகுப்பில் நாங்கள் கதை சொல்லச் சொல்ல, வராதவர்கள் தலையைக் குனிந்து நோட்டில் ஏதோ கிறுக்கிக்கொண்டிருந்தார்கள். என் தோழி மட்டும் ஆசையாகக் கேட்டாள். "பெரிய கோயில்ல என்னடி பாத்த?" எனக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். "பெருசா இருந்துச்சு."

இனி சித்தன்னவாசல். இந்த அரையாண்டு லீவில் அம்மா, அப்பத்தா, தம்பி, நான் நான்கு பேரும் டவுன் பஸ்ஸில் போனோம். புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர்தான். பாடப் புத்தகத்தில் பேரைப் படித்திருக்கிறோம், பஸ்ஸில் அந்தப் பக்கமாகப் போயும் இருக்கிறோம். இறங்கிப் பார்த்ததில்லை.

அங்கே அறிவர் கோயில் என்று ஒரு குகைக் கோயில் இருக்கிறது. மலையைக் குடைந்து செய்தது. சமணர்களுடையது. உள்ளே போனதும் எனக்குப் பெரிய ஏமாற்றம். மேலே விதானத்தில் பச்சையும் சிவப்புமாகக் கறை மாதிரி ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். தம்பி, "இதுக்கா வந்தோம்?" என்றே கேட்டுவிட்டான். அங்கே இருந்த காவலர் தாத்தா, "அவசரப்படாதீங்க. வெயில்ல இருந்து வந்திருக்கீங்க. கண்ணு பழகட்டும்" என்றார்.

சும்மா நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து ஒரு மீன் தெரிந்தது. அப்புறம் இன்னொரு மீன். அப்புறம் தாமரை இலை, தாமரைப் பூ, மொட்டு. அப்புறம் பறவைகள், யானை, எருமை. தண்ணீரில் இறங்கித் தாமரை பறிக்கிற மனிதர். அது ஒரு தாமரைக் குளம்! அப்பத்தாவுக்குப் பார்வை கொஞ்சம் மங்கல். ஆனால் எருமையை முதலில் கண்டுபிடித்தது அப்பத்தாதான். "ஆத்தாடி, நம்ம ஊரணியில எறங்குற மாதிரியே எறங்குது பாரு" என்றது. பள்ளிக்கூடம் போகாத என் அப்பத்தா, ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வரைந்த படத்தைப் பார்த்து எனக்கு விளக்கம் சொன்னது. பத்து நிமிஷத்தில் கிளம்பியிருந்தால் நாங்கள் கறையை மட்டும் பார்த்துவிட்டு வந்திருப்போம்.

வெளியே பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. பாண்டிய மன்னன் காலத்தில், 9-ஆம் நூற்றாண்டில், இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்ததாக அதில் இருக்கிறது. அவருக்கு மதுரை ஆசிரியன் என்று பட்டம். ஒரு ஆசிரியர் செய்த வேலையைப் பார்க்க மாணவர்கள் போகாவிட்டால் வேறு யார் போவார்கள்?

உள்ளே சின்ன அறையில் நின்று வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று இழுத்தால், சுவர் எல்லாம் சேர்ந்து "ம்ம்ம்" என்கிறது. என் தம்பியை அங்கிருந்து இழுத்து வரவே முடியவில்லை. அறிவியல் டீச்சர் அந்த அறையில் எதிரொலி பாடம் நடத்தினால் ஒருத்தருக்கும் மறக்காது.

மலைக்கு மேலே ஏழடிப்பட்டம். அப்பத்தா கீழேயே உட்கார்ந்துகொண்டது. நாங்கள் மூன்று பேர் ஏறினோம். அங்கே சமண முனிவர்கள் படுத்த கல் படுக்கைகள் 17 இருக்கின்றன. தலையணை மாதிரி தலைப் பக்கம் உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். ஒரு படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் பழையது. அந்த எழுத்தை எனக்குப் படிக்கத் தெரியவில்லை, ஆனால் தமிழ் ஐயா படித்துக் காட்டினால் எப்படி இருக்கும் என்று அங்கே நின்றே நினைத்தேன்.

என் அம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணம், சாவு, கோயில் இந்த மூன்றும் தவிர வேறு எதற்கும் அம்மா பஸ் ஏறி நான் பார்த்ததில்லை. மலை மேல் காற்று நன்றாக அடித்தது. அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நம்ம ஊரு எந்தப் பக்கம்?" என்று ரொம்ப நேரம் தேடினார். கடைசியில் ஒரு கண்மாய்க் கரையைக் காட்டி, "அதுவாத்தான் இருக்கும்" என்றார். அப்புறம், "கட்டிட்டு வந்து பதினாறு வருஷமாச்சு. இங்கனயே இருந்துக்கிட்டு ஒரு நாளும் வரல பாரு" என்றார். அவர் வருத்தமாகச் சொன்னாரா சந்தோஷமாகச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் நம் வகுப்புப் பெண்கள் பதினாறு வருஷம் கழித்து இதே வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

அதனால்தான் சொல்கிறேன். போன தூரத்தை வைத்தோ, இடத்தின் எண்ணிக்கையை வைத்தோ ஒரு பயணத்தை நல்ல பயணம் என்று சொல்ல முடியாது. கண் பழகுகிற வரைக்கும் நிற்க நேரம் இருந்ததா, நம்மோடு படிக்கிறவர்கள் எல்லோரும் கூட நின்றார்களா என்று கேட்க வேண்டும்.

இப்போது செலவுக் கணக்கு. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-இலிருந்து டிக்கெட் இல்லை. பசங்களுக்குச் சில்லறைக் காசுதான் ஆகும். தொல்லியல் துறை பராமரிக்கிற இடங்களில் 15 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. சாப்பாடு வீட்டிலிருந்து புளிச்சோறும் துவையலும். 500 ரூபாய் எங்கே, இது எங்கே! காலையில் பள்ளி நேரத்துக்குக் கிளம்பினால் பொழுது சாய்வதற்குள் வீட்டில் இருக்கலாம். ஊர் என்ன பேசும் என்ற கேள்விக்கே வேலை இல்லை.

குகை சின்னது, எல்லோரும் ஒரே நேரத்தில் உள்ளே போக முடியாது. பத்துப் பத்துப் பேராகப் போகலாம். ஒரு குழு உள்ளே பார்க்கும்போது இன்னொரு குழு மலை ஏறலாம், இன்னொரு குழு நிழலில் உட்கார்ந்து பார்த்ததை வரையலாம். நாலைந்து அம்மாக்களையும் துணைக்குக் கூப்பிடலாம். டீச்சர்களுக்கும் உதவி, அம்மாக்களும் ஒரு நாள் மலை பார்த்த மாதிரி இருக்கும்.

இதற்கு எதிராகச் சிலர் சொன்னதையும் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பு அக்கா ஒருவர் சொன்னார். "உனக்கென்ன, பக்கத்துல போகலாம்னு ஈசியா சொல்லிட்ட. எங்களுக்கு இந்த டூர விட்டா வெளியூர் பாக்குறதுக்கு வேற வழியே இல்ல. அதையும் கெடுத்துராத." அக்கா சொன்னது உண்மை. இதைக் கேட்டு நான் இரண்டு நாள் யோசித்தேன். வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகளை அப்பா அம்மாவே ஊட்டிக்குக் கூட்டிப் போவார்கள். நமக்கு பள்ளிக்கூட டூர்தான் ஊட்டி. அதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். தூர டூரும் இருக்கட்டும். ஆனால் அதற்கு முன்னால் எல்லோரும் போகிற ஒரு டூர் இருக்கட்டும். இன்னொன்றும் உண்டு. பக்கத்து மலைக்குப் போய்ப் பொழுதோடு பத்திரமாகத் திரும்பி வந்த பெண்ணை, அடுத்த தடவை தூரமாக அனுப்ப வீட்டில் தைரியம் வரும். "டீச்சருங்க நல்லாப் பாத்துக்கிட்டாங்க" என்று கூட வந்த அம்மாவே தெருவில் சொல்லிவிடுவார். அக்காவின் ஊட்டிக்கும் இதுதான் வழி என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு கேள்வி. "பாத்த இடத்தையே எத்தன தடவ பாக்குறது?" நம் மாவட்டத்தைப் பார்த்து முடிக்கவே பள்ளிப் படிப்பு போதாது. 1687-இல் கட்டிய திருமயம் கோட்டை இருக்கிறது. இசையைப் பற்றிக் கல்வெட்டு வெட்டிய குடுமியான்மலை இருக்கிறது. கொடும்பாளூரில் மூவர் கோயில் இருக்கிறது, மூன்றில் இரண்டுதான் இப்போது முழுசாக நிற்கிறது. திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒன்று என்று வைத்தாலும் ஆறாம் வகுப்பில் சேர்ந்த தங்கை பத்தாம் வகுப்பு முடிக்கும்போது ஐந்து இடத்தை நிதானமாகப் பார்த்திருப்பாள். யாராவது வெளியூர்க்காரர் கேட்டால், "பெருசா இருந்துச்சு" என்று சொல்லாமல் உட்கார்ந்து கதையே சொல்வாள்.

தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் என் பணிவான வேண்டுகோள். இந்த வருஷம் டூர் போகிறவர்கள் பெயரைக் கேட்பதற்கு முன்னால், யார் யாரால் வர முடியாது, ஏன் வர முடியாது என்று ஒரு தடவை கேளுங்கள். அதற்குத் தகுந்த மாதிரி இடத்தை முடிவு செய்யுங்கள்.

நண்பர்களே, இந்தத் தாளுக்குக் கீழே ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கிறது. நூலில் பென்சிலும் கட்டியிருக்கிறது. சித்தன்னவாசலுக்கு வருகிறேன் என்பவர்கள் பெயர் எழுதுங்கள். வேண்டாம், ஊட்டிதான் என்பவர்களும் காரணத்தோடு எழுதுங்கள். வீட்டில் விட மாட்டார்கள் என்பவர்கள் பெயர் போடாமல் ஒரு கோடு மட்டும் போடுங்கள். எத்தனை கோடு இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கட்டும். பென்சிலை மட்டும் யாரும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி