புனிதரை அறிவோம்: அம்புகளால் இறவாத செபஸ்தியார்

ஜனவரி 20ஆம் நாள் திருநாள் கொண்டாடப்பெறும் புனித செபஸ்தியாரின் சுரூபத்தை அறியாதார் நம்முள் அரியர். மரத்தில் பிணிக்கப்பட்ட இளைஞர்; உடலெங்கும் அம்புகள்; விண்ணோக்கிய விழிகள். அவர் அம்பு பாய்ந்தே இறந்தார் எனப் பலர் எண்ணுகின்றனர். ஐந்தாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அவரது வரலாறோ வேறு கூறுகிறது.

தியோக்கிளேசியன் மன்னனின் காவற்படையில் இருந்த செபஸ்தியார், சிறைப்பட்ட கிறிஸ்தவர்களுக்குத் துணைநின்றார். அது வெளிப்படவே, வில்வீரர்க்கு இலக்காக்கப்பட்டார். இறந்தாரென்று விட்டுச் சென்றனர். அடக்கம் செய்யவந்த இரேனே என்னும் கைம்பெண், உயிர் இருப்பதைக் கண்டு, தம் இல்லத்தில் வைத்துக் காயங்களை ஆற்றினார். நலமடைந்தவர் ஓடி ஒளியவில்லை. மன்னன் முன் நின்று அவன் கொடுமையை இடித்துரைத்தார். தடியால் அடித்துக் கொல்லப்பட்டார்.

இக்கதை முழுவதையும் வரலாறு எனத் துணிதல் இயலாது. ஆயினும் 354ஆம் ஆண்டின் உரோமைப் பட்டியல் அவர்தம் நாளையும் கல்லறையையும் குறிக்கின்றது.

உரோமையில், சங்கிலிகளின் புனித இராயப்பர் ஆலயத்திலுள்ள ஏழாம் நூற்றாண்டுக் கற்பதிப்பு ஓவியத்தில் அவர் தாடியுடைய முதியவர், அம்பு ஒன்றுமில்லை. பின் அம்பு எங்ஙனம் வந்தது? 680ஆம் ஆண்டளவில் பாவியா நகரில் கொள்ளைநோய் பரவியபோது, அவர் பெயரால் பீடம் எழுப்பியதும் அது தணிந்ததாகக் கூறுவர். எங்கிருந்தென்று அறியாமல் வந்து தைக்கும் நோயை அம்பாகக் கண்டனர் முன்னோர். 1348ஆம் ஆண்டின் பெருங்கொள்ளைநோய்க்குப் பின், மாந்தேஞா போன்ற ஓவியர் அம்பு தைத்த இளைஞராகவே அவரைத் தீட்டினர். நம் ஊர்ச் சுரூபங்கள் அவ்வழி வந்தவையே. பதினேழாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஓவியர் ழோர்ஷ் தெ லா தூர், இருளில் ஒளியேந்தி அவரைப் பேணும் இரேனேயை வரைந்தார்.

நம் பீடங்களில் இரேனேக்கு இடமில்லை. ஆனால் அவர் செய்த தொண்டு நம்மிடையே உண்டு. தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில், சாலை எட்டாத சிற்றூர்களின் மக்கள், பிணியுற்றோரையும் பேறுகாலப் பெண்களையும் தூளி கட்டித் தோளில் சுமந்து மலையிறங்கிய காலம் நெடியது. மூங்கிலைத் தாங்கிய அத்தோள்கள் செய்ததும் இரேனேயின் பணியே.

அன்பு வாசகர்களே! நோய் தணியச் செபஸ்தியாரை மன்றாடும் நாம், நோயுற்ற அயலாரின் வாயிலை மிதிக்கத் தயங்கலாமா? இத்திருநாளில் சுரூபத்தின்முன் மெழுகுதிரி ஏற்றும்போது, இரேனேயின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பின்பு அவர்களையும் அழைத்துக்கொண்டு, படுக்கையில் கிடக்கும் ஒருவரையேனும் கண்டு வாருங்கள்.