புற்றுமண் கைப்பையில்... இன்சுலின் பெட்டியிலா?

மகளுக்குப் பிரசவம் பார்க்க சிங்கப்பூர் கிளம்பும் ஒரு அம்மாவின் பெட்டி எப்படி இருக்கும் என்பது சங்கரன்கோவில் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். இட்லிப்பொடி, சுண்டவற்றல், பிரசவ லேகியம், பேரப்பிள்ளைக்குப் பழைய வேட்டியில் கிழித்த துணி. சங்கரநாராயணர் கோயில் புற்றுமண் மட்டும் பெட்டிக்குள் போகாது. அது கைப்பையில், மடியை விட்டு இறங்காமல் போகும்.

முதல் நாள் ராத்திரி மகள் வீடியோ காலில் கேட்பாள். "அம்மா, இன்சுலினை எங்க வச்ச?"

"பெரிய பெட்டிலதான் ஏட்டி. ஐஸ் கட்டி சுத்தி, துணிக்கு நடுவுல பத்திரமா வச்சிருக்கேன்."

அந்தப் 'பத்திரமா'வில் இரண்டு தப்பு இருக்கிறது.

ஒன்று, ஐஸ் கட்டி. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்கச் சொல்வார்கள். குளிர்ச்சிதான் வேண்டும், உறையக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் இளகிய பிறகு பார்வைக்குப் பழையபடியே தெரிந்தாலும் அதை நம்பிப் போட முடியாது. மருந்தை ஐஸ் நேராகத் தொட்டாலே இந்த ஆபத்து உண்டு. ஜெல் பேக் வைத்தாலும் நடுவில் ஒரு துண்டோ துணியோ சுற்ற வேண்டும்.

இரண்டாவது, பெரிய பெட்டி. செக்-இன் செய்த பெட்டி விமானத்தின் அடிவயிற்றில் போகிறது. அங்கே குளிர் எவ்வளவு இருக்கும் என்று பயணிக்குத் தெரியாது, மருந்து உறைந்துபோகவும் வாய்ப்புண்டு. அதைவிட அடிக்கடி நடப்பது, பெட்டி வந்து சேராமல் போவது. கொழும்பில் விமானம் மாறுகிறவர்களுக்கு அந்தக் கவலை கூடுதல். லேகியம் இரண்டு நாள் கழித்து வந்தால் பரவாயில்லை. ராத்திரி ஊசி இரண்டு நாள் கழித்து வந்தால்?

அதனால் ஊசி மருந்து முழுவதும் கைப்பையில்தான். இன்சுலினுக்கு மட்டுமல்ல, ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசிக்கும், முடக்குவாதத்துக்கு வாரம் ஒருமுறை போடும் ஊசிக்கும், இப்போது பலர் போட்டுக்கொள்ளும் உடல் எடைக் குறைப்பு ஊசிக்கும் இதே கதைதான். கைப்பைக்குள்ளும் தனியாக ஒரு சின்னப் பை நல்லது. விமானத்தில் மேலே இடமில்லை என்று கடைசி நேரத்தில் கைப்பெட்டியை வாங்கி அடியில் போட்டுவிடுவதுண்டு. அப்போது அந்தச் சின்னப் பையை மட்டும் சட்டென்று உருவிக்கொள்ளலாம்.

"ஊசி கொண்டுபோனா ஏர்போர்ட்ல புடிச்சுக்க மாட்டாங்களா?" என்ற பயம்தான் பலரை மருந்தைப் பெட்டிக்குள் தள்ள வைக்கிறது. 2006-ல் லண்டனில் திரவ வெடிபொருள் சதி பிடிபட்ட பிறகு வந்தது, கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் கூடாது என்ற கட்டுப்பாடு. இன்சுலின் குப்பி 10 மில்லி, பேனாவுக்குள் போகும் கார்ட்ரிட்ஜ் 3 மில்லி. கணக்குப்படியே அது தடைக்குள் வராது, பயணத்துக்குத் தேவையான மருந்துக்குத் தனி விலக்கும் உண்டு. கேள்வி வருவது சிரிஞ்சுக்கும் ஜெல் பேக்குக்கும்தான். பையை ஸ்கேனரில் வைக்கும் முன்பே "இதில் இன்சுலினும் ஊசியும் இருக்கின்றன" என்று சொல்லி, டாக்டர் சீட்டை நீட்டிவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. ஊசியை மருந்தோடு, மருந்துக்கடை லேபிள் ஒட்டிய அட்டைப்பெட்டியிலேயே வைக்க வேண்டும். கைப்பை ஸ்கேனரால் இன்சுலின் கெடாது. உடம்பில் இன்சுலின் பம்ப்போ சர்க்கரை சென்சாரோ இருந்தால் மட்டும் அதைச் சொல்லி, கையால் சோதிக்கக் கேட்கலாம்.

அந்தச் சீட்டில்தான் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று இருக்கிறது. ஓ.பி. சீட்டில் 'முத்துலட்சுமி' என்று மொட்டையாக இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ கணவர் பெயரோ சேர்ந்து இருக்கும். மருந்தின் பெயர் டாக்டருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் மட்டும் புரியும் கையெழுத்தில் இருக்கும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே போய், பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், மருந்தின் மூலப்பெயர், ஒரு நாளைக்கு எத்தனை யூனிட், ஊசி எதற்கு என்பதையெல்லாம் ஆங்கிலத்தில், லெட்டர்ஹெட்டில் கேட்டு வாங்க வேண்டும். டாக்டர் சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

சிங்கப்பூரில் சொந்த உபயோகத்துக்கான இன்சுலினை மூன்று மாதத்துக்குத் தேவையான அளவு வரை கொண்டுபோகலாம். ஆனால் மார்பின் போன்ற கடும் வலி மருந்துகள் வேறு சங்கதி. சிங்கப்பூர், அமீரகம் இரண்டு இடத்திலும் அவற்றுக்கு முன்கூட்டியே ஆன்லைனில் அனுமதி வாங்கியாக வேண்டும். புற்றுநோய் வலிக்கு மருந்து எடுப்பவர்கள் இதை டிக்கெட் போடும்போதே பார்த்துவிட வேண்டும்.

குளிரைப் பற்றியே பேசுகிறோம். மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ காரில் போகும் வழியில் ஆபத்து வெயில்தான். சாப்பிட இறங்கும்போது பூட்டிய காரில் மருந்துப் பையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் ஈர மண்பானைக்குள் இன்சுலின் வைப்பார்களே, அதே தத்துவத்தில் தண்ணீரில் நனைத்தால் குளிரும் துணிப்பைகள் கிடைக்கின்றன. தற்போது போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் 25, 30 டிகிரிக்குள் பெரும்பாலும் நான்கு வாரம் தாங்கும். விமானத்துக்குள் ஐஸே தேவையில்லை. பணிப்பெண்ணிடம் ஃபிரிட்ஜில் வைக்கக் கொடுத்தால், இறங்கும்போது மறந்து இறங்குவதுதான் நடக்கும்.

பேனா உபயோகிப்பவர்கள் ஊசியைக் கழற்றி வைத்தே பறக்க வேண்டும். மாட்டியே வைத்தால் உள்ளே காற்றுக்குமிழி சேரும். சாப்பாட்டுக்கு முன் போடும் ஊசியைத் தட்டு மடிக்கு வந்த பிறகே போடுங்கள். ட்ராலி தெரிகிறதே என்று போட்டுவிட்டு, விமானம் குலுங்கி அரை மணி நேரம் சாப்பாடு நின்றால் சர்க்கரை இறங்கிவிடும். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி நேரம்தான் முன்னால். அமெரிக்கா போகிறவர்களுக்குப் பகலும் இரவும் புரண்டுவிடுவதால், எந்த வேளைக்கு எத்தனை யூனிட் என்று டாக்டரிடம் எழுதியே வாங்குவது நல்லது.

இவ்வளவு கவனம் எதற்கு, தீர்ந்தால் அங்கே வாங்கிக்கொள்ளலாமே என்பவர்களுக்குத்தான் இந்த விஷயம். நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். சிங்கப்பூரிலும் துபாயிலும் கிடைப்பது ஒரு மில்லியில் 100 யூனிட். அதற்கு ஆரஞ்சு மூடி. அங்கே வாங்கிய மருந்தை இங்கிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி சிரிஞ்சில் வழக்கம்போல 20 கோடு வரை இழுத்தால், உடம்புக்குள் போவது 50 யூனிட். இரண்டரை மடங்கு! தூக்கத்திலேயே நினைவு தப்பலாம். இங்கத்திய மருந்தை அங்கத்திய சிரிஞ்சில் எடுத்தால் தலைகீழாக 20-க்கு 8 யூனிட்தான் போகும், சர்க்கரை எகிறும். அதனால் தங்கும் நாட்களுக்குப் போக இன்னும் பத்து நாளுக்கான மருந்தும், அதற்கேற்ற சிரிஞ்சுகளும் இங்கிருந்தே போவது நல்லது.

திரும்பி வரும்போதும் இதே கவனம் வேண்டும். "மிச்சம் இருக்கு, வீணாக்க வேண்டாம்" என்று மகள் மடித்துக் கொடுக்கும் பேனா கார்ட்ரிட்ஜும் 100 யூனிட் மருந்துதான். அதற்கான பேனா கையில் இல்லையென்றால், வீட்டு அலமாரியில் இருக்கும் சிவப்பு மூடி சிரிஞ்சால் அதிலிருந்து உறிஞ்சி எடுக்காதீர்கள்.