பாலம் வந்தது, கப்பல் எங்கே?

பாம்பனிற் புதிய கடற்பாலம் எழுந்துவிட்டது. 2025 ஏப்ரல் 6ஆந் திகதி இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, அனுராதபுரத்தில் புதுக்கப்பெற்ற மாகோ–ஓமந்தைப் புகையிரதப் பாதையைத் திறந்துவைத்தார். அங்கிருந்து வான்வழியே கடலைக் கடந்து சென்று, அன்றே பாம்பன் பாலத்தையும் திறந்துவைத்தார். பிரதமர் எளிதிற் கடந்த அதே கடலை, மன்னாரில் வாழும் தமிழன் தன் ஊர்த் துறையிலிருந்து கடக்க அன்று வழியிருக்கவில்லை.

பாலத்தை நாம் குறைகூற வரவில்லை. இரண்டு கிலோமீற்றருக்குச் சற்று அதிகமான நீளமுடைய அப்பாலத்தின் நடுப்பகுதி, கப்பல் வருங்கால் நேரே மேலெழுந்து வழிவிடும். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்திலோ ஆட்கள் நின்று கையாற் சுழற்றியே அதன் இரு சிறகுகளையும் உயர்த்தினர். உப்புக் காற்றுக்கு இரையான அதன்மீது 2022 டிசம்பரில் புகையிரதம் ஓடுவது நின்றது.

ஆனால், பழைய பாலம் இராமேசுவர யாத்திரிகருக்காக மட்டும் கட்டப்பட்டதன்று. இலங்கையை எண்ணிக் கட்டப்பட்டது அது. பாலத்தைக் கடந்த வண்டி தனுஷ்கோடியை அடையும். அங்கிருந்து ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கடலைக் கப்பல் கடக்கும். தலைமன்னார்த் துறையில் கொழும்பு வண்டி காத்துநிற்கும். பாலத்தின் பெருநிலக் கரையிலுள்ள மண்டபம் முகாமிற் சோதிக்கப்பட்டே தோட்டத் தொழிலாளர் இவ்வழியாக இங்கு கொண்டுவரப்பட்டனர். 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு உரியவரெனத் தீர்த்தது. அவர்களைக் கேளாமலே தீர்த்தது! திருப்பியனுப்பப்பட்டோர் இதே கடல்வழியாற் போயினர்.

அவ்வாண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது; புகையிரதம் ஒன்றையும் அதிலிருந்தோரையும் கடல் கொண்டது. சிதைந்த பாலம் இரண்டு மாதத்துக்குள் சீராயிற்று. கப்பலும் இராமேசுவரத்திலிருந்து ஓடிற்று. புயல் நிறுத்த முடியாத கப்பலை 1980களிற் போர் நிறுத்தியது.

போர் முடிந்தபின் இந்தியக் கடனுதவியுடன் தலைமன்னார்ப் பாதை திரும்ப அமைக்கப்பட்டு, 2015 மார்ச்சில் திறக்கப்பட்டது. அக்கரையிற் பாலம், இக்கரையிற் பாதை. இடையே ஒரு கப்பலே வேண்டியது. அதனை விடுவதாக 2023 யூலையில் இரு அரசுகளும் எழுத்தில் உரைத்தன; 2024 டிசம்பரில் விரைவிற் செய்வோமென மறுபடியும் உரைத்தன. இதற்கிடையிற் கடல்மேல் நெடுந்தரைப்பாலம் அமைப்பதற்கான ஆய்வு பற்றியும் பேசினர். கப்பலே விடமுடியாதவர் கடலுக்குப் பாலமிடப் புறப்பட்டதை என்னென்பது?

இந்திய வெங்காயம் வந்து குவியுமோ என யாழ்ப்பாண விவசாயி அஞ்சுவான். அவ்வச்சம் பொய்யன்று. அறுவடைக் காலத்து இறக்குமதி அவன் உழைப்பைப் பலமுறை மண்ணாக்கியதுண்டு. எனினும், அது கொழும்புத் துறைமுகத்தாலும் வருவதே. அதனைத் தடுக்கவேண்டியது இறக்குமதிக் கொள்கை. தமிழக முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்து, ஊர்திரும்ப விழையும் குடும்பமொன்று தன் தட்டுமுட்டுகளுடன் விமானத்தில் ஏறிவர இயலுமா?

தலைமன்னார் இறங்குதுறையைத் திருத்தும் வேலைக்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, சுங்கமும் குடிவரவும் எங்கே அமையும், முதற் கப்பல் எந்நாளிற் புறப்படும் என்ற மூன்று கேள்விகளையும் வன்னி, யாழ்ப்பாணப் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் ஒருங்கே நின்று எழுப்புதல் வேண்டும். திகதி குறிப்பிடாத எந்த விடையையும் அவர்கள் ஏற்றலாகாது.