டயர் மாற்ற நல்ல மாதம் எது?

எங்கள் ஆனைமலையில் பிக்கப் வண்டி நிற்காத தெரு கிடையாது. இளநீர், தேங்காய், மஞ்சி, வாழைத்தார், மாட்டுத் தீவனம், கல்யாண வீட்டுப் பாத்திரம் எல்லாம் அதில்தான் போய் வருகின்றன. இந்த வண்டிகளுக்கு டயர் மாற்றுவதற்கென்று ஒரு பருவம் உண்டு. தீபாவளி கழிந்த பிறகு, அல்லது தை பிறந்த பிறகு. கையில் காசு புரளும் நேரம் அது என்பார்கள். என் அபிப்பிராயத்தில் அது முற்றிலும் தலைகீழான கணக்கு. மழைக்காலம் முழுவதையும் மொட்டை டயரில் ஓட்டிவிட்டு, காய்ந்த சாலைக்குப் புது டயர் போடுகிறோம்.

நமக்கு மழை இரண்டு தவணை. ஆனி, ஆடியில் மலையில் பெய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் கீழே பெய்கிறது. ஆழியாறு தாண்டி வால்பாறைக்கு ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே இருக்கும் சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை காணும் இடங்களில் ஒன்று. அந்தச் சாலையில்தான் நம் பிக்கப்புகள் காய்கறி ஏற்றிக்கொண்டு விடியற்காலையில் போகின்றன. போகும்போது பாரம் இருக்கும். இறங்கும்போது வண்டி காலி. பின்பக்கம் எடையில்லாத வண்டி, ஈரச் சாலை, பின்னால் தேய்ந்த டயர். வளைவில் பிரேக்கை அழுத்தினால் வால் எந்தப் பக்கம் போகும் என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால் அவற்றை முன்னால் போட்டு, முன்னால் இருந்த பழசைப் பின்னால் தள்ளுவதுதான் இங்கே வழக்கம். மழைக்கு அது சரியில்லை. முன் டயர் வழுக்கினால் ஸ்டியரிங்கில் தெரிந்துவிடும், வேகத்தைக் குறைக்கலாம். பின் டயர் வழுக்கும்போது தெரிவதற்குள் வண்டி திரும்பியிருக்கும். நான்கையும் ஒன்றாக மாற்றுவதே மேல்.

இப்போதெல்லாம் இளைஞர்கள் வீடியோ பார்த்துவிட்டுப் பெரிய பெரிய பட்டன் வைத்த டயர் கேட்கிறார்கள். பக்கத்தில் எம், எஸ் என்று எழுத்து இருக்கிறதாம், குளிருக்கும் மழைக்கும் நல்லதாம். அந்த எழுத்துகள் சேற்றையும் பனியையும் குறிப்பவை. தோட்டத்துச் சேற்றில் அது நன்றாக இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் நனைந்த தார்ச் சாலையில் பெரிய கட்டைகள் குறைந்த இடத்தில்தான் தரையைத் தொடும். பிடிப்பும் அந்த அளவுதான். நம் வண்டி பத்தில் ஒன்பது பங்கு தாரில் ஓடுகிறது. மார்கழிக் குளிருக்கென்று தனி டயரும் நமக்குத் தேவையில்லை. பிரான்சில் 2021 நவம்பர் முதல் மலைப்பகுதிகளில் குளிர்கால டயரோ சங்கிலியோ இல்லாமல் வண்டி ஓட்டக்கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறார்கள். அந்த ரப்பர் 7 டிகிரிக்குக் கீழேயும் இறுகாமல் இருக்கும்படி செய்தது. அதை ஆனைமலை வெயிலில் ஓட்டினால் சோப்பு மாதிரிக் கரைந்துவிடும்.

சின்ன வயதில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு சொல் ஞாபகம் வருகிறது. டயருக்கு அவர்கள் சொல்வது ‘ப்னே’. ‘ப்னெமாத்திக்’ என்பதன் சுருக்கம், காற்றால் ஆனது என்று பொருள். பாரத்தைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று என்பது பெயரிலேயே இருக்கிறது. நாமோ ரப்பரைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம், காற்றை மாதக் கணக்கில் பார்ப்பதில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது பிராண்டு பெயருக்குப் பக்கத்தில் பொடியாக இருக்கும் எண்கள். அளவுக்குப் பின்னால் வரும் எண் பாரத்தைச் சொல்லும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். 108 என்றால் 1000 கிலோ. விலை குறைவு, ரிம்மில் உட்காருகிறது என்பதற்காகக் கார் டயரைப் பிக்கப்புக்குப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஓர் இளநீர் இரண்டு கிலோ என்று வைத்தாலும் 700 இளநீர் 1400 கிலோ. அதில் பெரும்பங்கு பின்னால் இருக்கும் இரண்டு டயர்கள் மேல் உட்காருகிறது. லாரியில் பின்னால் இரட்டைச் சக்கரம், ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். ரீட்ரெட் டயர் அங்கே ஓடட்டும். பிக்கப்பில் ஒற்றைச் சக்கரம். ஒட்டிய ரப்பர் உரிந்தால் தாங்க ஆளில்லை.

தேய்மானத்துக்குச் சட்டம் சொல்வது 1.6 மில்லிமீட்டர் பள்ளம். பள்ளத்துக்குள் சின்ன மேடு வைத்திருப்பார்கள், டயர் அந்த மேடு வரை தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. அது கடைசி எல்லைதான். டயரின் பள்ளம் தண்ணீரை வாரி வெளியே தள்ளும் வாய்க்கால். வாய்க்கால் தூர்ந்தால் வயலில் தண்ணீர் நிற்பதுபோல, டயருக்கும் சாலைக்கும் நடுவே தண்ணீர் நின்றுவிடும். வண்டி அதன்மேல் மிதக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும் என்பேன். மஞ்சி மில் வாசலில் சிந்திய தூள் முதல் மழையில் நனைந்து கிடக்கும் நம் சாலைகளுக்கு இது இன்னும் பொருந்தும்.

இதெல்லாம் தெரியாத ஓட்டுநர் குறைவு. முடிவெடுப்பது அவர் இல்லை என்பதுதான் சங்கடம். டீக்கடையில் ஒரு தம்பியிடம், “டயர் இப்படி இருக்கே, மாத்தலையா?” என்றேன். “ஏனுங்கய்யா, நானும் ரெண்டு மாசமா சொல்லீட்டுத்தான் இருக்கறனுங்க. தீபாவளி கழியட்டும்ங்கறாருங்க” என்றார். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்திலும் இதே கதைதான். ஜீப்புக்கு டயர் கேட்டால் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று லாக் புத்தகத்தைப் புரட்டுவார்கள், வாசலில் நிற்கும் ஜீப்பை எட்டிப் பார்க்க மாட்டார்கள். முதலாளி வீட்டில் இருக்கிறார், ஓட்டுநர் வளைவில் இருக்கிறார். பல நாள் பின்னால் கூலிக்குப் போகிற பெண்கள் பத்துப் பேர் நிற்கிறார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக்கூடாது என்பது சட்டம். ஏற்றுகிறோம் என்பது நமக்குத் தெரிந்த விஷயம்.

ஆகவே டயர் செலவை வைகாசிக்குள் முடித்துவிடுங்கள் என்பது வண்டி வைத்திருக்கும் நம் ஊர்ப் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள். தவணையில் வாங்கினாலும் சரி. கடைக்கு ஓட்டுகிறவரையும் கூட்டிப் போங்கள். எந்தச் சக்கரம் எந்த வளைவில் இழுக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

ஸ்டெப்னியையும் ஒருமுறை இறக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் கிழடாகும், விரல் வைத்தால் வெடிப்பு தெரியும். அதை நம்பி ராத்திரியில் வால்பாறை ஏறாதீர்கள்.