ஒழுகும் கூரைக்கு யார் பொறுப்பு?

மழை பிடித்துவிட்டால் மில் பகுதி லைன் வீடுகளில் தூக்கம் போய்விடுகிறது. ஒழுகுகிற இடத்தில் குண்டானை வைத்துவிட்டு, குழந்தைகளை மடியில் போட்டுக்கொண்டு தாய்மார்கள் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். ஓட்டை மாற்றுங்கள் என்று கேட்டால், "பிடிக்காவிட்டால் காலி செய்" என்பதே வீட்டுக்காரரின் பதில்.

சட்டம் என்ன சொல்கிறது? 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு, 2017-ல் இயற்றிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் தமிழ்நாட்டில் அமலில் இருக்கிறது. அதன் இரண்டாவது அட்டவணை மராமத்துப் பொறுப்பைப் பங்கிடுகிறது. கட்டிட மராமத்து, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வர்ணம், தண்ணீர்க் குழாய் மாற்றுவது, மின்சார வயரிங் ஆகியவை வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி, சாக்கடை சுத்தம் ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. வீட்டுக்காரர் தம் பங்கைச் செய்ய மறுத்தால், எழுத்து மூலம் அறிவித்து, குடியிருப்பவரே வேலையை முடித்து, செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.

இந்தப் பங்கீட்டில் நமக்குத் தகராறு இல்லை. புழங்கித் தேய்கிற சில்லறைச் சாமானைத் தொழிலாளி மாற்றட்டும். மாதம் தவறாமல் வாடகை வாங்குகிறவர் கூரையைக் காக்கட்டும்.

ஆனால் அநியாயம் வேறு இடத்தில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தை எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். ஒப்பந்தம் செய்யத் தவறினால், அதையே காரணமாகக் காட்டிக் குடியிருப்பவரை வெளியேற்றலாம் என்கிறது அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு! லைன் வீட்டில் கையெழுத்துப் போட மறுப்பவர் யார்? வீட்டுக்காரர். தெருவுக்கு வருபவர் யார்? தொழிலாளி. இந்த நிலையில் ஓட்டைப் பற்றி வாய் திறக்க யாருக்குத் துணிவு வரும்?

கம்பெனி தன் தொழிலாளிக்கு வேலையோடு சேர்த்து வாடகைக்கு விடும் குடியிருப்புகளுக்கோ இந்தச் சட்டமே பொருந்தாது. பஞ்சாலை நிர்வாகம் கூரையைக் கவனிக்காவிட்டால் எந்த வாடகை அதிகாரியிடம் போவது?

எனவே நாம் கேட்கிறோம்: ஒப்பந்தம் எழுத மறுக்கும் வீட்டுக்காரர் மீது நடவடிக்கை வேண்டும். ஒப்பந்தம் இல்லை என்பதற்காக வாடகை கட்டிவரும் குடும்பத்தை வெளியேற்றக் கூடாது. கம்பெனிக் குடியிருப்புகளுக்கும் சட்டம் வர வேண்டும்.

தோழர்களே! வாடகைக்கு ரசீது கேட்டு வாங்குங்கள். எல்லா மராமத்தையும் உங்கள் தலையில் கட்டும் பத்திரத்தில் கையெழுத்திடாதீர்கள். வயலில் வேலையற்றுப் பட்டணத்துக்கு வந்து குடியேறும் விவசாயத் தொழிலாளிக்கும் இதைச் சொல்லுங்கள். ஒரு வீட்டார் தனியாகக் கேட்டால் "காலி செய்" என்பார்கள். லைன் முழுவதும் சங்கத்தோடு சேர்ந்து போய்க் கேட்டால், ஓடு மாற்ற ஆள் வரும்.