மீந்த மாவுக்கும் ஒரு தவணை உண்டு

 

பெருநாளுக்கும், பிள்ளைகள் தேர்வில் வென்ற மகிழ்ச்சிக்கும், தொலைவிலிருந்து வரும் விருந்தினருக்கும் வீட்டிலேயே கேக் செய்வது நம் இல்லங்களில் வழக்கமாகிவிட்டது. கடையில் வாங்குவதைவிட இது நல்லதே. என்னென்ன சேர்ந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும், கைப்பக்குவமும் வளரும். ஆனால் கேக் தட்டு ஓவனுக்குள் சென்ற பிறகு அடுப்படியில் இரண்டு பொருள்கள் எஞ்சுகின்றன. ஒன்று, பாத்திரத்தில் தங்கிய மாவு. மற்றொன்று, ஐசிங் பூசுவதற்காக மேற்புறத்தைச் சமன் செய்யும்போது அறுத்தெடுத்த துண்டுகளும் உதிர்ந்த தூளும்.

இவ்விரண்டும் என்ன ஆகின்றன என்று சற்று எண்ணிப் பாருங்கள். முட்டை, வெண்ணெய், சர்க்கரை, பால் என்று காசு கொடுத்து வாங்கிய அத்தனையும் கலந்த மாவு, "இவ்வளவு தானே!" என்ற ஒரு சொல்லோடு கழுவும் தொட்டியில் கரைகிறது. துண்டுகளோ ஒரு டப்பாவில் அடைக்கப்பட்டு, "நாளை பார்த்துக்கொள்ளலாம்" என்று வைக்கப்படுகின்றன. நான்காம் நாள் திறந்தால் பூசணம் பூத்திருக்கிறது.

உண்ணலாம், பருகலாம், ஆனால் வீண்விரயம் கூடாது என்பது திருக்குர்ஆனின் ஏழாம் அத்தியாயம் 31ஆம் வசனம் நமக்கு வகுத்த எல்லை. கீழே விழுந்த கவளத்தையும் எடுத்து, அதிலுள்ள தூசியை நீக்கி உண்ணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். இவற்றை அறியாதவர் நம்மில் யாருமில்லை. பிறகு ஏன் வீணாகிறது? கைதாராளம் காரணமன்று; தள்ளிப்போடுதலே காரணம். மீந்த பொருளுக்கு ஒரு தவணை இருக்கிறது. அந்தத் தவணைக்குள் முடிவு செய்தால் அது உணவு. தவறினால் அது குப்பை. அடுப்பின் சூடு ஆறுவதற்குள் முடிவெடுக்கக் கற்றுக்கொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது.

மாவு ஏன் மிஞ்சுகிறது?

கேக் மாவு வெந்து எழும்புவதற்கு இடம் வேண்டும். ஆகவே தட்டின் உயரத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரைதான் நிரப்ப வேண்டும். புத்தகத்தில் கண்ட அளவு ஒரு தட்டுக்கானதாக இருக்கும். நம் வீட்டுத் தட்டு அதைவிடச் சிறியதாக இருக்கும். மாவு மிஞ்சுகிறது. மிஞ்சியதையும் அதே தட்டில் ஊற்றி நிரப்பிவிடுகிறவர்கள் உண்டு. மாவு பொங்கி வழிந்து ஓவனின் அடியில் கருகும். கேக்கின் நடுப்பகுதியும் வேகாமல் அமுங்கிப் போகும்.

இதற்கு எளிய வழி, தட்டை ஒருமுறை அளந்து வைத்துக்கொள்வது. தட்டு நிறையத் தண்ணீர் ஊற்றி, எத்தனை கோப்பை பிடிக்கிறது என்று கணக்கிடுங்கள். பன்னிரண்டு கோப்பை பிடிக்கும் தட்டுக்கு ஆறு முதல் எட்டுக் கோப்பை மாவு போதும். இந்தக் கணக்கைச் சமையல் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், அடுத்த முறை மாவு கலக்கும்போதே அளவைக் குறைத்துக்கொள்ளலாம். மீந்ததைப் பயன்படுத்துவதைக் காட்டிலும் மீதமாகாமல் பார்ப்பது மேலான சிக்கனம்.

மாவின் ஆயுள் எவ்வளவு?

கேக்கைப் பஞ்சுபோல் எழுப்புவது மாவுக்குள் உண்டாகும் காற்றுக் குமிழிகளே. சமையல் சோடா, தயிர் அல்லது எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்புப் பொருளுடன் சேர்ந்த உடனேயே குமிழிகளை வெளியிடத் தொடங்கிவிடுகிறது. பேக்கிங் பவுடர்களில் பெரும்பாலானவை இரு கட்டமாக வேலை செய்பவை. ஈரம் பட்டதும் ஒரு பங்கு, சூடு பட்டதும் மறு பங்கு. முட்டையை நுரைக்க அடித்து, அந்த நுரையை மட்டுமே நம்பிச் செய்யும் ஸ்பாஞ்சு கேக் மாவோ காத்திருக்கவே காத்திருக்காது. நுரை அடங்கினால் கேக்கும் அடங்கிவிடும்.

ஆகவே ஸ்பாஞ்சு மாவையும் சோடா சேர்ந்த மாவையும் உடனே வேகவைத்துவிடுங்கள். பேக்கிங் பவுடர் சேர்த்த வெண்ணெய் கேக் மாவு, முதல் கேக் வெந்து முடியும் வரை குளிர்சாதனப் பெட்டியில் பொறுத்திருக்கும். மூடி வைத்தால் மறுநாள் வரையிலும் வைத்திருக்கலாம். ஆனால் எழும்பும் திறன் குறையும். வெளியில் வைப்பது மட்டும் கூடாது. பச்சை முட்டையும் பாலும் சேர்ந்த பொருள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருப்பது ஆபத்து. நம் ஊர்க் கோடையில் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாள்களில் ஒரு மணி நேரமே எல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாவுப் பாத்திரத்தை விரலால் வழித்து உண்ணப் பிள்ளைகள் போட்டி போடுவார்கள். நாமும் சிரித்துக்கொண்டே கொடுத்துவிடுவோம். பச்சை முட்டையில் மட்டுமன்றி, வேகாத மைதாவிலும் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். வழித்த மாவை ஒரு சிறு கிண்ணத்தில் வேகவைத்துக் கொடுங்கள். பிள்ளையின் ஆசையும் நிறைவேறும்; வயிறும் பிழைக்கும்.

மீந்த மாவுக்கு ஐந்து வழிகள்

குழிப்பணியாரச் சட்டி: ஓவனே தேவையில்லை. குழிகளில் நெய் தடவி, முக்கால் அளவு மாவு ஊற்றி, மிகச் சிறு தீயில் மூடி வையுங்கள். மூன்று நான்கு நிமிடங்களில் மேற்புறம் இறுகும். திருப்பிப் போட்டு இன்னும் இரண்டு நிமிடம் விடுங்கள். கேக் மாவில் சர்க்கரை மிகுதி, ஆதலால் தீ கூடினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும்.

இட்லித் தட்டு: குழிகளில் வெண்ணெய் தடவிப் பாதி அளவு ஊற்றி, பத்து முதல் பன்னிரண்டு நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். மூடியிலிருந்து சொட்டும் நீர் கேக்கின் மேல் விழாமல் இருக்க, மூடியைத் துணியால் கட்டிவிடுங்கள். பற்கள் இல்லாத பெரியவர்களுக்கு இந்த ஆவி கேக் மிகவும் ஏற்றது.

எவர்சில்வர் கிண்ணம்: சிறு கிண்ணங்களில் வெண்ணெய் தடவி, மைதா தூவி, பாதி அளவு மாவு ஊற்றிப் பெரிய கேக்கின் பக்கத்திலேயே வைத்துவிடலாம். எரியும் ஓவனின் சூடு வீணாகாது. இவை முன்னதாகவே வெந்துவிடும். 180 டிகிரியில் இருபது நிமிடத்தில் ஒரு குச்சியைக் குத்திப் பாருங்கள்.

பழத்தின் மேல் போர்வை: தட்டின் அடியில் வாழைப்பழம் அல்லது அன்னாசித் துண்டுகளைப் பரப்பி, சிறிது சர்க்கரை தூவி, எஞ்சிய மாவை மேலே ஊற்றி வேகவையுங்கள். ஒரு கோப்பை மாவு நான்கு பேருக்கு விருந்தாகிவிடும்.

பிஸ்கட்: மீந்த மாவில் சிறிது வெண்ணெயும், கையில் ஒட்டாத பதம் வரும்வரை சிறுகச் சிறுக மைதாவும் சேர்த்துப் பிசைந்து, மெல்லிதாகத் தட்டி, 170 டிகிரியில் கால் மணி நேரம் சுடுங்கள். மாவு எழும்பும் திறனை இழந்திருந்தாலும் குறையில்லை. பிஸ்கட்டுக்கு எழுச்சி தேவையில்லை. மறுநாள் வரை தங்கிவிட்ட மாவுக்கு இதுவே சிறந்த வழி.

துண்டுகளும் தூளும்

வெந்த கேக்கின் துண்டுகள் மாவைவிடப் பொறுமைசாலிகள். காற்றுப் புகாமல் சுற்றி உறைபெட்டியில் வைத்தால் ஒரு மாதம் வரை தங்கும். அடிக்கடி மின்சாரம் நின்றுபோகும் ஊரில் இருப்பவர்கள் இதை நம்ப வேண்டாம். உடனே மாற்றுருவம் கொடுத்துவிடுங்கள்.

ஐசிங் படாத துண்டுகளை விரல் பருமனுக்கு அறுத்து, 150 டிகிரியில் பக்கத்துக்குக் கால் மணி நேரம் சுட்டு, ஓவனுக்குள்ளேயே ஆறவிட்டால் கேக் ரஸ்க் ஆயத்தம். 'பிஸ்கட்' என்ற சொல்லின் மூலப் பொருளே 'இருமுறை சுட்டது' என்பதுதான். ஈரம் போய்விட்டதால் பூசணம் எளிதில் அணுகாது. தகர டப்பாவில் இட்டால் இரண்டு வாரத்துக்கு மாலைத் தேநீருக்குக் கவலையில்லை.

வட்டலப்பம் செய்யத் தெரிந்த வீட்டுக்கு ஆவிப் புட்டிங் புதிதன்று. இரண்டு கோப்பை கேக் தூள், ஒன்றரைக் கோப்பை தேங்காய்ப் பால், இரண்டு முட்டை, ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு ஏலக்காய் இவற்றைக் கலந்து, நெய் தடவிய பாத்திரத்தில் ஊற்றி மூடி, அரை மணி முதல் முக்கால் மணி நேரம் வேகவையுங்கள். கத்தியைச் செருகி எடுத்தால் ஒட்டாமல் வர வேண்டும். கேக்கிலேயே இனிப்பு இருப்பதால் சர்க்கரையில் கை அடங்கட்டும்.

நோன்பு திறக்க நாம் செய்யும் கடற்பாசியும் இங்கே கைகொடுக்கும். பத்துக் கிராம் கடற்பாசியை இரண்டு கோப்பை நீரில் ஊறவைத்து, முற்றிலும் கரையும்வரை காய்ச்சி வடிகட்டி, சர்க்கரை சேர்த்த சூடான பால் மூன்று கோப்பையுடன் கலந்துகொள்ளுங்கள். பாதியைத் தட்டில் ஊற்றி, லேசாக இறுகத் தொடங்கியதும் கேக் துண்டுகளை அடுக்கி, சூடாக வைத்திருந்த மீதியை மேலே ஊற்றுங்கள். ஒரே தடவையில் ஊற்றினால் துண்டுகள் மிதந்துவிடும். கடற்பாசி சாதாரண அறைச் சூட்டிலேயே இறுகும் இயல்புடையது. ஜெலட்டினோ விலங்கின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. எந்த விலங்கு, எப்படி அறுக்கப்பட்டது என்ற கேள்வி எழும். கடலில் விளையும் பாசிக்கு அந்தக் கேள்வியே இல்லை.

பேக்கரிகளில் 'ரம் பால்' என்றொரு கரிய உருண்டை விற்கக் கண்டிருப்பீர்கள். அது கேக் துண்டுகளை மசித்துச் செய்யப்படுவது. ரம் என்பது மது. அதைச் சேர்ப்பதே மேனாட்டு வழக்கம். இங்கே சிலர் அதன் மணத்தைத் தரும் எசன்ஸ் மட்டும் சேர்ப்பதுண்டு. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்கும் நமக்கு எது எதுவென்று தெரியாது. கேட்டறியாமல் வாங்கக் கூடாது. அதே உருண்டையை வீட்டில் ஐயமின்றிச் செய்யலாம். இரண்டு கோப்பை கேக் தூளுடன், கொட்டை நீக்கி மசித்த பேரீச்சம்பழம் எட்டு, கோகோ இரண்டு மேசைக்கரண்டி, உருட்டும் பதத்துக்கு வேண்டிய அளவு ஆரஞ்சுச் சாறு சேர்த்து உருட்டி, தேங்காய்த் துருவலில் புரட்டி எடுங்கள். அன்றோ மறுநாளோ உண்டு முடியுங்கள்.

எதைக் காப்பாற்றக் கூடாது?

சிக்கனம் என்ற பெயரில் நோயை விலைக்கு வாங்குவதும் விரயமே. புளித்த வாடை வீசும் மாவு, இரவெல்லாம் வெளியில் கிடந்த மாவு, பச்சை கிரீம் பூசி மணிக்கணக்காக வெளியிலிருந்த துண்டு ஆகியவற்றை இரக்கமின்றி விலக்குங்கள். கேக்கில் ஓரிடத்தில் பூசணம் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியை உண்பவர்கள் உண்டு. மென்மையான உணவில் பூசணத்தின் வேர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். முழுவதையும் விட்டுவிட வேண்டும். சாக்லேட் சேர்ந்த துண்டைப் பூனைக்கோ நாய்க்கோ வைக்காதீர்கள். அது அவற்றுக்கு நஞ்சு.

யாருக்குக் கொடுக்கிறோம்?

இறுதியாக, இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று. மீந்த துண்டுகளை மூன்று நாள் வைத்திருந்து, நம் பிள்ளைகள் முகம் சுளித்த பிறகு, வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் "பிள்ளைகளுக்குக் கொண்டுபோ" என்று கொடுக்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. கொடுத்தவருக்குத் தர்மம் செய்த நிறைவு. வாங்கியவருக்கோ மறுக்க முடியாத சங்கடம். நமக்கே தந்தால் மனமொப்பி வாங்காத மட்டமான பொருளைத் தர்மத்துக்கென்று பொறுக்கி எடுக்கக் கூடாது என்பது அல்பகரா அத்தியாயத்தின் 267ஆம் வசனம் தரும் பாடம்.

குப்பைக்குப் போக வேண்டியதை ஏழையின் வீட்டு வழியாக அனுப்புவது ஈகை ஆகாது. கொடுக்க விரும்பினால், கேக்கை அறுக்கும் அன்றே, ஐசிங்குடன் கூடிய முழுத் துண்டை முதலில் அவருக்கென எடுத்து வையுங்கள். ஓரத்தில் அறுத்ததும் உதிர்ந்ததும் நமக்காக இருக்கட்டும். அவற்றை ரஸ்க்காகவும் புட்டிங்காகவும் உருமாற்றிச் சுவையாக உண்ணும் வழியைத்தான் இப்போது அறிந்துகொண்டோமே!

அடுத்த முறை கேக் தட்டை ஓவனில் வைத்தவுடன், பாத்திரத்தைக் கழுவத் தண்ணீரைத் திறப்பதற்கு முன் ஒருகணம் நில்லுங்கள். இட்லித் தட்டோ பணியாரச் சட்டியோ கைக்கெட்டும் தொலைவில்தான் இருக்கிறது. வல்ல இறைவன் நம் உணவில் பரக்கத் செய்வானாக!