கண் ஆபரேஷன் ஏன் தள்ளிப் போகிறது?

"சம்பா அறுப்பு முடிஞ்சு நெல்லு வீடு வந்து சேரட்டும், அப்புறம் கண்ணைப் பார்த்துக்கலாம்!" எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் கண்ணில் புரை விழுந்த பெரியவர்கள் வருஷா வருஷம் சொல்கிற சமாதானம் இது. ஒருவழியாகச் சம்மதித்து, பையும் கையுமாகப் பஸ் ஏறி வந்தால், "இன்னிக்கு முடியாது, அப்புறம் வாங்க" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்பி வந்தவரை மறுபடி கிளப்புவது லேசுப்பட்ட காரியமா, சகோதரிகளே?

எங்கள் பெரியத்தைக்கு இப்படித்தான் ஆயிற்று. 'வெறும் வயிறு' என்று யாரோ சொன்னதைக் கேட்டு, காலையில் போடும் பிளட் பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டார். பயம் வேறு. அளந்தால் 200-க்கு மேல்! அந்த நிலையில் கண்ணில் கை வைத்தால் உள்ளே ரத்தம் கசியலாம். டாக்டர் மறுத்தது நியாயம்தான். எந்த மாத்திரை போடலாம், சாப்பிடலாமா கூடாதா என்பதை முந்தின நாளே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரையும் அப்படியே. ஏறிக் கிடந்தால் புண் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும். பத்து நாள் முன்னதாகவே ரத்தம் சோதித்துவிடுவது நல்லது.

கண்ணில் ஓயாமல் நீர் வடிந்து பீளை கட்டுகிறதா? கண்ணீர்ப் பையில் அடைப்பு இருக்கலாம். ஊசிக்குழாயால் தண்ணீர் செலுத்திப் பார்ப்பது இதற்காகத்தான். தொண்டையில் உப்புக் கரித்தால் வழி சரி. சீழ் வந்தால் முதலில் அதைத்தான் கவனிப்பார்கள். கிருமி கண்ணுக்குள் போனால் பார்வையே பறிபோகும். மெட்ராஸ் ஐ, இமைக்கட்டி, காய்ச்சல் இருந்தாலும் தள்ளிப் போடுவார்கள். இருமலும் ஆகாது, ஆடாமல் படுத்திருக்க வேண்டுமே! ஒரு வாரம் களத்துப் பக்கம் போகாதிருங்கள், நெல் சுணை கண்ணில் பட்டால் வம்பு.

சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டை மறக்காமல் கொண்டு போங்கள். ரத்தம் உறையாதிருக்கப் போடும் மாத்திரை, ஆண்களுக்குப் புராஸ்டேட்டுக்காகத் தரும் டாம்சுலோசின், இரண்டையும் டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது. (சரபோஜி மன்னர் காலத்திலேயே நோயாளிகளின் கண்ணைப் படமெழுதிக் குறிப்பு வைத்திருக்கிறார்கள். சரசுவதி மகாலில் இன்றும் இருக்கிறது. நமக்கு ஒரு சீட்டு பத்திரப்படுத்த முடியாதா?)

இன்னொரு காரணம், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தாத்தாவுக்குக் கண் என்றால் வீடே கிளம்புகிறது. பாட்டிக்கு என்றால், "கூட யார் போறது?" துணைக்கு ஆளில்லாமல் நின்றுபோன பாட்டிகள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர். பணமும் சாக்கில்லை, அரசு ஆஸ்பத்திரியில் புரை ஆபரேஷன் இலவசம்.

புரை முற்றி ஊதிவிட்டால் கண்ணில் அழுத்தம் ஏறும். நரம்பு கெட்டபின் ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பாது. கண் சிவந்து, தலைவலியோடு வலித்தால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு ஓடுங்கள், அறுப்பு பாதியில் நின்றாலும் சரி.